ஆளுக்கொரு ரொட்டி

மணிக்கூண்டுக் கட்டடத்தில் தீப்பிடித்தது எப்படி என்று அந்தக் கடைத்தெருவில் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒன்றையும் நம்ப வேண்டாம். மாடியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த நாடக மண்டபத்தில் பழைய மின்கம்பி ஒன்று பொறி விட்டது. சுற்றிலும் சுக்காகக் காய்ந்த மர உத்திரங்கள். பிறகென்ன, பிடித்துக்கொண்டது. விசாரணைக்கு வந்தவர்கள் இண்டு இடுக்கெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இதைத்தான். ஆனால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஊர் வாயைத் திறந்துவிட்டது. கீழே ரொட்டிக்கடை இருக்கிறது, அதற்குள் விறகு அடுப்பு இருக்கிறது, வேறு எங்கிருந்து தீ வந்திருக்கும்? அடுப்புக்குச் சொந்தக்காரன் முகமெல்லாம் கரியோடு நடுத்தெருவில் நின்றான். மாடி திகுதிகுவென்று எரிந்துகொண்டிருக்க, ஊர் மாடியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தது.

அந்த ரொட்டிக்காரனுடைய அக்காதான் நம் கதாநாயகி. அதே கட்டடத்தில் நாலு கல் வளைவு வாசல் தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தெருவுக்கு அவள் கண்ணாடிக்காரம்மா, கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவி. வீட்டில் மட்டும் தன் பேச்சு எடுபடாது என்று சொல்லிக்கொள்வாள். அது பச்சைப் பொய்.

தீ எரிந்த அன்று அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தம்பியின் கையைப் பிடித்தாள். அவன் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, நீயும் என் அடுப்புன்னுதான் நெனைக்கிறியா?"

"சீ, போடா" என்றாள். சொல்லிவிட்டாள்தான். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் எச்சில் விழுங்கினாள். விழுங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம்தான். தம்பி அதைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஆனால் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி அது அவளுக்குள்ளேயே கிடந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்கக் கல். அந்தக் காலத்து மனுஷர்கள் வஞ்சனை இல்லாமல் கட்டியிருந்தார்கள். மாடி சாம்பலாகியும் கீழே ஒரு கல்கூட அசையவில்லை. தண்ணீரும் கரியும்தான் கடைகளுக்குள் புகுந்திருந்தன. நகராட்சிப் பொறியாளர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, கீழே கடை நடத்தலாம் என்றார். ஓட்டுக்கூரைக்குப் பதில் தார்ப்பாய் கட்டினார்கள். தெருவில் பாதியை இரும்புத் தடுப்பு வைத்து மறித்தார்கள். தையல்காரர், நோட்டுப்புத்தகக் கடைக்காரர், செருப்புக் கடைக்காரர், கண்ணாடிக்காரம்மா, ரொட்டிக்காரன் எல்லோரும் சேர்ந்து கல்லைத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் கறுப்பாக ஓடியது, பிறகு சாம்பல் நிறமாக ஓடியது, ஒருவழியாகத் தண்ணீர் நிறத்துக்கே வந்தது. கடை திறந்தார்கள்.

ஈ காக்கை வரவில்லை. தடுப்பைப் பார்த்த சனம் அந்தப் பக்கத் தெரு வழியாகப் போய்ப் பழகிவிட்டது. தையல்காரர் தன் சட்டைக்கே பித்தான் பிடுங்கிப் பிடுங்கித் தைத்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்காரன் சுட்டதையெல்லாம் சாயங்காலம் தானே மூட்டை கட்டினான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அடுப்பைத்தான் கட்டிக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். குடியிருப்பதும் அடுப்புக்குப் பின்னால் உள்ள அறையில்தான். ஒரு நாள் அவன் அக்காவிடம் வந்து, பாத்திரத்தையெல்லாம் விற்றுவிட்டு எங்காவது பெரிய தொழிற்சாலையில் கூலிக்கு மாவு பிசையப் போகிறேன் என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். இவன் சொன்னால் செய்துவிடுகிறவன்.

அப்போதுதான் அவள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். விசாரணை முடிவை வாங்கி, தம்பி அடுப்புக்கும் தீக்கும் சம்பந்தமில்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. யார்தான் அவனை ஒரு பார்வை பார்க்காதவர்? அந்தச் சூட்டோடு தெருமுனையில் ஒரு போர்டு வைத்தாள். 'தினம் ஒரு பொருள் நம் தெருவில் வாங்குவோம்' என்று பெரிய எழுத்தில். வங்கியில் போய்ப் பேசினாள், பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசினாள், பஸ் ஏறுகிற இடத்தில் நின்று பேசினாள். அவள் பேசினால் கேட்காமல் இருக்க முடியாது, கேட்கும்வரை விடமாட்டாள்.

சனம் வந்தது. நிஜமாகவே வந்தது. தினம் ஒரு பொருள் என்றால் எல்லாருக்கும் சட்டென்று தோன்றுவது என்ன? தினமும் செருப்பா வாங்க முடியும்? ரொட்டிதான். வங்கி மேனேஜரம்மா காலையில் காரை நிறுத்தி ஒன்று வாங்குவார். பின்னாலேயே வங்கி ஊழியர்கள் ஆளுக்கு ஒன்று. டீச்சர்கள் ஆளுக்கு ஒன்று. யாரும் பேரம் பேசவில்லை, குறை சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கனிவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் தட்டு காலி. தம்பி மறுபடி விசில் அடிக்க ஆரம்பித்தான். நாலு வளைவு தள்ளி அந்த விசில் கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரம்மாவுக்கு மனசு நிறைந்துபோகும்.

இந்தச் சந்தோஷத்தில் அவள் இரண்டு விஷயத்தைக் கவனிக்கத் தவறிவிட்டாள். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறவளுக்கே கண்ணில் படவில்லை, என்ன செய்வது. ஒன்று, வாங்கியவர் யாரும் இரண்டாவது ரொட்டி கேட்டதே இல்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு ரெண்டு, மாமியாருக்கு ஒன்று என்று பை நிறைய வாங்கிப் போனவர்கள்கூட இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொன்று, அவள் வீட்டுக்காரர் திடீரென்று காலையில் கஞ்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தார். முப்பது வருஷமாக மச்சினன் ரொட்டி இல்லாமல் விடியாத மனுஷர். கேட்டால் வயிறு சரியில்லை என்றார்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அவரும் தம்பியும் ஒரு காலத்தில் ஒரே முதலாளியிடம் மாவு பிசைந்தவர்கள். ரொட்டித் தோல் பொன்னிறமாக இருக்க வேண்டும் என்பான் இவன். நன்றாகச் சிவந்து கறுக்க வேண்டும் என்பார் அவர். இந்த ஒரு விஷயத்துக்காகப் பேச்சு முறிந்து, தனித்தனியாகக் கடை போட்டு, எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டது. தம்பி அவருக்கு வைத்த பேர் 'கருகல்'. தெருவில் பாதிப்பேருக்கு அவருடைய நிஜப்பேர் மறந்தே போய்விட்டது.

கண் பார்க்க வேண்டும் என்றார் கருகல். வந்த ஆளை விரட்ட முடியுமா? உட்கார வைத்து, வெற்றுச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாள். மேலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சும்மா வந்தா தெருவே பாக்கும்."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தம்பியின் ரொட்டி. மேலே அவன் கத்தியால் போடுகிற இரண்டு சாய்ந்த கோடு இருந்தது. மோந்து பார்க்கச் சொன்னார். அவள் மோந்தாள். ரொட்டி வாசனை, வேறென்ன. இன்னொரு தரம் மோந்தாள். நல்ல ரொட்டி வாசனைதான் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை, அதுதான் அவளை உறுத்தியது.

"புகை நாத்தம்மா. வாயில வைக்க முடியல. ஊருக்கே தெரியும். உங்க தெருவுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியல. அதுலயே கெடக்கறீங்க, மூக்கு மரத்துப்போச்சு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொழில் போட்டியை இவ்வளவு வெளிப்படையாகவா காட்டுவது என்று கேட்டேவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போட்டி என்றால் பேசாமல் இருந்திருப்பேன், பேசாமல் இருந்தால் எனக்குத்தான் கொழுத்த வியாபாரம் என்றார். இங்கே ஒரு ரொட்டி வாங்குகிறவர்கள் நேரே அவர் கடைக்கு வந்து, வீட்டில் தின்பதற்கு இன்னொன்று வாங்குகிறார்களாம். இங்கே வாங்கியதை அவர் கடை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்களாம். தினமும் சாயங்காலம் தொட்டி நிறைந்து கிடக்கிறதாம்.

"அவனுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும்" என்றார் கருகல். "ஆனா அவன் கை மாவு அது. குப்பையில கெடக்கறத தினமும் பாக்க முடியலம்மா."

சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பொட்டலத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரர் முன்னால் நின்றாள். என் தம்பி ரொட்டி எப்படி இருக்கிறது, உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். மனுஷர் மென்று விழுங்கினார். வயிறு, வயசு, செரிமானம் என்று ஏதேதோ சுற்றினார். அவள் அசையவில்லை. கடைசியில் அவர் எழுந்து, அவளைக் கொல்லைக்கு அழைத்துப் போய், செடிகளுக்குக் கீழே கொத்திவிட்ட மண்ணைக் காட்டினார். தினமும் அவள் ஆசையாகக் கொண்டுவந்த ரொட்டியெல்லாம் அங்கே புதைந்திருந்தது.

"காக்காய்க்குப் போட்டேன். அதுவும் தொடல" என்றார், தான்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி.

அதோடு விட்டாரா? கேட்டதற்கு ஒருவழியாக வாய் திறந்தவர், கேட்காததையும் சொல்லிவிட்டார். அவளுடைய துணிகளை அவர் தனியாக வெளிக்கொடியில் காயப்போடுவது உள்கொடியில் இடம் இல்லாததால் அல்லவாம். அவள் உள்ளே வந்தாலே வீடு ஒரு மணி நேரம் தீப்பிடித்த மாதிரி இருக்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினாள். எப்படிச் சொல்வது, நீங்கள் எல்லோரும் பாடுபட்டு எழுந்து நிற்கிறீர்கள் என்றார். ஊர் மொத்தமும் இதைத்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதலில் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்தில் ரொட்டி வாங்கினார்கள். உன் ரொட்டியில் புகை நாற்றம் அடிக்கிறது என்று எந்த வாயால் அவனிடம் போய்ச் சொல்வார்கள்? தீ வைத்தது நீதான் என்று மறுபடி சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

ஊருக்கு அந்தக் கஷ்டம் என்றால் அவளுக்கு? ஒரு தரம் எச்சில் விழுங்கியவள் அவள்.

சொல்லாமல் விட்டால், தம்பி விசில் அடித்துக்கொண்டே குப்பைத்தொட்டிக்காக ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பான். இரக்கம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் சனம் அலுத்துப்போய் நின்றுவிடும். ஏன் என்று தெரியாமலே அவன் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு போவான். சொன்னால், இப்போதே போவான். கண்ணாடிக்காரம்மா ரெண்டு நாள் கடையில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வந்தவர்களுக்கு லென்ஸை மாட்டினாள், கழற்றினாள். "இப்ப தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டாள். வாழ்க்கை முழுக்க அவள் கேட்ட கேள்வி அதுதான். உங்களுக்குப் பார்வை சரியில்லை என்று அவள் யாருக்கும் சொன்னதே இல்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு வழி தட்டுப்பட்டது.

பொறியாளரும் கை கொடுத்தார், தெரியாமலே. மாடியில் தொங்குகிற கருகிய உத்திரங்களை அப்புறப்படுத்தும் வேலையைத் தொடங்க வேண்டும், நாலைந்து நாள் கடைகளை மூடுங்கள் என்றார். சங்கத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். தலைவி மட்டும் உடனே சரி என்றதில் எல்லோருக்கும் ஆச்சரியம். இருவருக்கும் இளையவளான தங்கை கடலோர ஊர் ஒன்றில் குடியிருந்தாள். அங்கே போவோம் வாடா என்று தம்பியைப் பிடித்து இழுத்தாள். அடுப்பை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான். அடுப்பு எங்கேயும் ஓடிப்போகாது, நான்தான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று அக்கா தன் வயசைக் காட்டி அழுகிற மாதிரி செய்தாள். இந்த வித்தை அவனிடம் எப்போதும் பலிக்கும். மருமகப் பிள்ளைகளுக்கு என்று ஒரு துணிப்பை நிறைய ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

தங்கை கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். அக்கா கண்ணாலேயே அவள் வாயை அடைத்தாள். வந்தவர்களின் துணியெல்லாம் ஊறப் போயிற்று. ரொட்டிப் பை, வாய் இறுக்கிக் கட்டி, பரண்மேல் போயிற்று. தம்பி கடற்கரையில் நடந்தான், பிள்ளைகளோடு பந்து விளையாடினான், பல வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான். அக்கா காத்திருந்தாள்.

ஒரு காலை அவள் கண் விழித்தபோது ஈர மண்ணின் வாசனை தெரிந்தது. அடுப்பங்கரையில் பால் காயும் வாசனை தெரிந்தது. மூக்கு திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டாள். போய்ப் பரணிலிருந்து அந்தப் பையை இறக்கி அவிழ்த்தாள். அவிழ்த்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீ எரிந்த அன்று தெருவில் நின்றபோது மூச்சில் ஏறியதே, அப்படியே அது. நாங்கள் இதையா விற்றோம் என்று நினைத்தாள். இதையா வங்கி மேனேஜரம்மா சிரித்த முகத்தோடு வாங்கிப் போனார் என்று நினைத்தாள். அடுப்பங்கரையில் நின்றபடியே அழுதாள். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள்.

பலகாரத் தட்டைச் சுற்றிப் பிள்ளைகள் கூடியிருந்த நேரம், மாமாவுக்கு ஒரு பரீட்சை என்றாள் அக்கா. கண்ணைக் கட்டிவிடுவோம், ரொட்டியைத் தின்று பார்த்து யார் சுட்டது, எப்படிச் சுட்டது என்று சொல்ல வேண்டும். தம்பிக்கு இந்த மாதிரி விஷயத்தில் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கட்டுடா பார்ப்போம் என்று தலையை நீட்டினான். பெரிய பிள்ளை துண்டால் கட்டியது. முதல் ரொட்டித் துண்டு அந்த ஊர்க் கடையில் வாங்கியது. மென்றான். மாவு மட்டம், ஈஸ்ட் அதிகம், அவசரக்காரன், ஆனால் அடுப்புச் சூடு பரவாயில்லை என்றான். பிள்ளைகள் கைதட்டின. அக்கா இரண்டாவது துண்டை அவன் கையில் வைத்தாள்.

வாயில் வைப்பதற்கு முன்னாலேயே அவன் நின்றுவிட்டான். மூக்குக்குக் கொண்டுபோனான். பிறகு கடித்து, கொஞ்சம் மென்று, விழுங்காமல் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டான்.

"ரெண்டு மூணு நாள் பழசு. ஆனா கருகின நாத்தம் இல்ல. தோல் நல்லாத்தான் வெந்திருக்கு. நாத்தம் உள்ள இருக்கு" என்றான். வைத்தியர் நாடி பிடித்துச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். "மாவு உப்பறப்பவே புகையக் குடிச்சிருக்கு. அடுப்புப் புகைக்குழாய் பக்கத்துல எங்கயோ கரி இருக்கு. அடுப்பு சூடாக சூடாக அதுவும் சூடாகி உள்ளுக்குள்ள எறங்குது. பாவம், பிசைஞ்ச கை நல்ல கை."

பிள்ளைகள் மறுபடி கைதட்டின. அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

"இதப் போயி விக்கிறானே" என்றான். "இவனுக்குன்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆளு கூடவா இல்ல?"

முழு ரொட்டியைக் கொடு, தோலைப் பார்க்கிறேன் என்று அவன் கையை நீட்டினான். அக்கா கொடுத்தாள். கட்டிய கண்ணோடு விரலால் மேலே தடவினான். விரல் ஒரு சாய்ந்த கோட்டைக் கண்டுபிடித்தது. பக்கத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா, இது என்னு..."

"உன்னுதுதாண்டா" என்றாள். அவன் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். இந்தத் தரம் எச்சில் விழுங்கவில்லை.

அவன் கண்கட்டை அவிழ்த்தான். யாரையும் பார்க்காமல் எழுந்து பின்வாசல் வழியாகப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து, பிள்ளைகளின் பந்துக்குக் காற்றடித்துக் கொடுத்தான். அக்காவோடு பேசவில்லை. அவள் செத்துப் பிழைத்தாள் என்றே சொல்ல வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி வழி தாண்டிய பிறகுதான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

தெரியும் என்றாள். தெரிந்தேவா வாங்கினார்கள் என்றான். ஆமாம் என்றாள். தீ வைத்தவன் என்று பார்த்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை என்றான் பிறகு. அப்போது முகத்தைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார்கள், இப்போது முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டிருக்கிறார்கள் என்றான். நல்லது நினைத்துத்தானே செய்தார்கள் என்று அக்கா சொல்ல வந்தாள். அதைச் சொல்வதில் பிரயோஜனமில்லை என்று வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் யார் உனக்குச் சொன்னது என்று கேட்டான். அவள் சொன்னாள்.

"அவனா?"

"அவரேதான். உன் ரொட்டி குப்பையில கெடக்கறத அவரால பாக்க முடியலையாம்."

தம்பி திரும்பவும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தான், அழுதுகொண்டும் இருந்தான். ஊர் நெருங்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டான். இரக்கத்துக்கு ஒரு ரொட்டிகூட விற்கமாட்டேன், முதலில் அந்தப் போர்டை எடு என்றான். போர்டு போனால் ஒருத்தரும் வராவிட்டால் என்ன செய்வாய் என்றாள். அப்போது பாத்திரத்தைக் கட்டுகிறேன் என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போர்டை அவளே கழற்றினாள். சங்கத்தைக் கூட்டி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். தையல்காரர் கோபப்பட்டார், தன் கடைத் துணியில் ஒரு வாசனையும் இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் பெண்டாட்டியை வரவழைத்துக் கேட்டார்கள். அந்த அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், எந்தெந்தத் துணி என்று ஒன்றுவிடாமல் எடுத்து வெளியே போட்டார். தையல்காரர் குனிந்து அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். வெளியாட்கள் வந்து மோந்து பார்க்காமல் எந்தச் சரக்கையும் விற்பதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தம்பி பழைய மாவு மூட்டைகளை மொத்தமாகத் தூக்கிப் போட்டான். பிறகு குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்குள் நுழைந்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அடுப்புச் சூடு அதிகம், குறைவு என்று இரண்டு பேரும் கத்துகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். ஆக, சமாதானமாகிவிட்டார்கள். கருகலின் அடுப்பில் அவர் வேலை முடிந்ததும் இவன் வேலை நடக்கும். அடுப்புப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள கரியெல்லாம் எடுக்கிறவரை இப்படியே நடக்கட்டும் என்று ஏற்பாடு.

அடுத்த நாள் காலை தம்பி கூடையோடு வந்து வளைவுக்குக் கீழே, திறந்த வெளியில் மேஜை போட்டு ரொட்டிகளை அடுக்கினான். உள்ளே வைக்கவில்லை. கண்ணாடிக்காரம்மா தன் கடை வாசலில் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர்கள் போனார்கள். போர்டு இருந்த இடத்தைப் பார்த்தார்கள், தம்பியைப் பார்த்துச் சிரித்தார்கள், நிற்கவில்லை. கடமை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வங்கி ஊழியர்களும் அப்படியே போனார்கள். மேஜைமேல் ஒரு ரொட்டி குறையவில்லை. தம்பி விசில் அடிக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, இன்றைக்கு நன்றாக இருக்கிறது வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கலாமா என்று அவளுக்குக் கால் பரபரத்தது. யாரையும் கூப்பிடமாட்டேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜரம்மா கார் வந்து நின்றது. பழக்கதோஷம்தான், வேறென்ன. இறங்கி, எப்படி இருக்கீங்க என்று கேட்டு, ஒரு ரொட்டி வாங்கி, காசை வைத்துவிட்டுத் தெருமுனைக் குப்பைத்தொட்டிப் பக்கம் நடந்தார். கண்ணாடிக்காரம்மாவுக்கு அந்த நடை இப்போதுதான் புரிந்தது. எத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! தொட்டிக்குப் பக்கத்தில் போன அம்மா அப்படியே நின்றார். கையிலிருந்த பொட்டலத்தை மோந்து பார்த்தார். காகிதத்தைப் பிரித்து ஒரு துண்டு பிய்த்து, யாராவது பார்க்கிறார்களா என்று கூட நினைக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு துண்டு பிய்த்தார். பாதி ரொட்டி அங்கேயே, நின்ற இடத்திலேயே காலியானது.

பிறகு திரும்பி மேஜைக்கு வந்தார். உதட்டோரத்தில் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இன்னொண்ணு குடுங்க" என்றார்.

தம்பி ரொட்டியை எடுக்கவில்லை. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கும்மா?" என்றான்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து நேராக அவன் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிடறதுக்கு" என்றார்.